கூப்பிடு தூரத்து நட்சத்திரம்

பளிச்சென்று தெரியும் நட்சத்திரம் பக்கத்தில் இருக்கிறது, மங்கலானது தூரத்தில் இருக்கிறது என்று கற்றவர்களும் நம்புகிறார்கள். இது பிழை. ஆழ்ந்த வருத்தத்தோடு திருத்த வேண்டியிருக்கிறது. ஏனெனில் குன்றையூர் அரண்மனையில் இந்தப் பிழைக்கு ஒரு பதவியும் பல்லக்கும் இருந்தன.

பதவியில் இருந்தவர் ஆஸ்தான வானநூலார் மகிழ்மாறர். திருவோணத்துக்குக் கீழே ஒரு நட்சத்திரத்தை அரசர் வல்லபதேவருக்கென்று ஒதுக்கியிருந்தார். நன்றாகத் தெரிகிறதே, ஆகவே அது அரண்மனைக்கு மேலே கூப்பிடு தூரத்தில் இருக்கிறதாம். உள்ளே துரோகி இருந்தால் மங்குமாம். மங்கினால் அரண்மனையே விடியுமுன் குளத்தில் கழுத்தளவு நின்று பரிகாரம் செய்ய வேண்டும். வானநூலாருக்கு யாரையாவது பிடிக்காமல் போன வாரங்களில்தான் அது மங்குவது அவர் கண்ணில் படும்.

இம்முறை அவருக்குப் பிடிக்காமல் போனவன், அரசருக்குப் பேச்சுத்துணையாக இருந்த சாத்தன். அவருடைய பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சபையில் சிரித்துவிட்டான். அந்த வாரமே நட்சத்திரம் மங்கியது, துரோகி சாத்தன்தான் என்றார் வானநூலார்.

"இன்றே ஊரைவிட்டுப் போய்விடு," என்றார் அரசர்.

சாத்தன் மூட்டை கட்டினான். அந்திக்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டே வந்தான். "மேல்மாடத்தில் ஒரே ஒரு கேள்வி, மகாராஜா. கேட்டுவிட்டுப் போகிறேன்."

அரசரும் வானநூலாரும் அவனோடு மேலேறினார்கள். கிழக்கே வெட்டவெளியில் இரண்டு செம்புள்ளிகள் தெரிந்தன.

"வானநூலாரே, எது பக்கம்?"

"இரண்டும் ஒரே ஒளி. ஆகவே ஒரே தூரம். இதற்கா அரசரைப் படியேற்றினாய்?"

"சற்று உற்றுப் பாருங்கள். இரண்டும் மூச்சுவிடுகின்றன."

ஒன்று படபடவென்று மங்கி எழுந்தது. மற்றது நிதானமாக.

"உலைத் தீ," என்றார் அரசர்.

"ஆமாம். தட்டாரின் கைத்துருத்தி படபடக்கும். இரும்பு உருக்கும் துருத்தியை ஆள் ஏறி மிதிக்க வேண்டும், அது நிதானம். நிதானமானது பெருந்தீ. பெருந்தீ இத்தனை சிறிதாகத் தெரிந்தால்?"

"தூரத்தில் இருக்கிறது," என்றார் அரசர், தாமே கண்டுபிடித்தவர்போல.

குதிரைக்காரர் இருவரை அனுப்பினார்கள். தட்டாரிடம் போனவன் வெற்றிலை மடிப்பதற்குள் திரும்பினான். மற்றவன் வருவதற்குள் அரசருக்குப் பசித்துவிட்டது.

சாத்தன் மேலே காட்டினான். "உங்கள் நட்சத்திரமும் மங்கி எழுகிறது, வாரத்துக்கு ஒருமுறை. வடக்கே ஒன்று இதைவிடச் சீக்கிரம் மங்கி எழுகிறது. கண்ணுக்கு இரண்டும் சமம். அப்படியானால் உங்களுடையதே பெரியது. தூரத்தில் இருப்பதும் அதுதான்."

பெரியது என்றதில் அரசருக்குச் சந்தோஷம். பிறகுதான் மற்றது உறைத்தது. "வாராவாரமா? துரோகிகள் என்ன, முறைவைத்தா வருகிறார்கள், வானநூலாரே?"



"அவரைக் கோபிக்காதீர்கள், மகாராஜா," என்றான் சாத்தன். "அத்தனை தூரத்திலிருந்து அது என் மனத்தைப் படித்துவிட்டது. அது மூச்சுவிடுவதை இவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்."

அரசர் படியில் உட்கார்ந்து சிரித்தார். சாத்தனின் மூட்டையைத் தாமே அவிழ்த்தார்.

அடுத்த வாரம் நட்சத்திரம் மங்கியது. விடியுமுன் குளத்தில் வானநூலார் மட்டும் நின்றார்.