வரைய வரையக் கட்டிய மண்டபம்

நுங்கம்பட்டியில் முட்டாள் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஊர்க்காரர்களே கூடிப் பேசி, கை தூக்கி முடிவு செய்த விஷயம் அது.

அந்த ஊர்த் தலைவர் சடையாண்டிக்கு மகள் கல்யாணக் கவலை. "தை இருபதாம் தேதி முகூர்த்தம். அதுக்குள்ள உங்க ஊர்ல ஒரு மண்டபம் எழும்பணும். இல்லேன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று மாப்பிள்ளையின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். இருந்ததோ ஒரு மாதம். மகள் பூவாயியோ, கட்டினால் அந்த மாப்பிள்ளையைத்தான் கட்டுவேன் என்கிறாள். பாவம், சடையாண்டிக்குச் சோறே இறங்கவில்லை.

டவுன் இன்ஜினியர் வந்து வழி சொன்னார்.

"படத்தை முழுசா வரைஞ்சு முடிச்சுட்டுக் கட்டினா வருஷமாகும். ஒரு பக்கம் வரைய வரைய, இன்னொரு பக்கம் கட்டிக்கிட்டே போங்க. ஒரு வேலை முடியட்டும்னு அடுத்த வேலை காத்திருக்கவே கூடாது."

படம் வரைய அப்பாவு என்பவரை விட்டுவிட்டு அவர் பஸ் ஏறினார். சடையாண்டி அந்த வாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கொத்தனார் மொக்கையன் அப்பாவுவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். பென்சில் ஒரு கோடு இழுத்தால், "கிழக்கே ஒரு சுவர்!" என்று கத்துவார். அப்பாவு ரப்பரை எடுத்தால் கடப்பாரை வரும். பென்சில் முனை உடைந்தால், சீவி முடிக்கும்வரை ஆட்கள் செங்கல்லோடு நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருப்பார்கள். காத்திருக்கக் கூடாதல்லவா!

வெள்ளையடிக்கிற வேலு, "சுவருக்காகச் சுண்ணாம்பு காத்திருக்குமா?" என்று கேட்டுவிட்டு, சுவர் வரவேண்டிய இடத்தில் நின்றிருந்த மொக்கையனுக்கே இரண்டு பூச்சு பூசினார்.

ஒருநாள் அப்பாவு சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மண்டபத்தின் நட்டநடுவே ஒரு கிணறு.

"யாருய்யா இதை வெட்டச் சொன்னது?"

"நீங்கதான வட்டமா வரைஞ்சு வெச்சீங்க?"

"அது டீ கிளாஸ் வெச்ச தடம்யா! இருங்க, அழிச்சிடறேன்."

"தண்ணி வந்துருச்சே" என்றார் மொக்கையன்.

சடையாண்டி நெடுநேரம் யோசித்தார். "தண்ணியில ரப்பர் வேலை செய்யாது. கிணத்தைச் சுத்தி மணமேடையைப் போடுங்க."

முகூர்த்த நாளும் வந்தது. கூரைப் படம் பாதிதான் ஆகியிருந்தது. பெண் கூரைக்குக் கீழே, மாப்பிள்ளை வெயிலில். மாப்பிள்ளையின் அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"மண்டபம் முடியலையே, சம்பந்தி?"

பூவாயியின் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்ததும், சடையாண்டிக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"முடியட்டும்னு காத்திருக்கக் கூடாதுங்க, சம்பந்தி. இன்ஜினியரே சொல்லியிருக்காரு. அது பாட்டுக்குக் கூரை ஏறட்டும், இது பாட்டுக்குத் தாலி ஏறட்டும்."

மாப்பிள்ளையின் அப்பா கண்ணை மூடி யோசித்தார். "நல்ல யோசனையாத்தான் இருக்கு. எங்க ஊர்ல யாருக்கும் தோணலையே!"

மேளம் கொட்டியது, மேலே ஓடு ஏறியது, கீழே தாலி ஏறியது. சடையாண்டி ஆனந்தத்தில் விம்மி அழுதார். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்திலிருந்து தாலாட்டுச் சத்தம் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். தூணுக்குத் தூண் கயிறு கட்டி, தொட்டில் போட்டு, ஊர்ப் பெண்கள் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணம் முடியட்டும்னு இது ஏன் காத்திருக்கணும்?" என்றார் மொக்கையன்.

மாப்பிள்ளையின் அம்மா ஓடிப்போய்த் தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, தொட்டில் காலியா இருக்கே! பேரன் எங்க?"

"இன்னிக்குத் திங்கக்கிழமை, தாயி. பள்ளிக்கூடம் போயிருக்கான்" என்றாள் தொட்டில் ஆட்டிய ஒருத்தி.

அவள் முகம் சிவந்துவிட்டது. சடையாண்டியிடம் நேரே வந்து நின்றாள்.

"ஏன் அண்ணே, இவ்வளவு பெரிய பந்தி நடக்குது, பிள்ளையைச் சாப்பிட வெக்காமலா அனுப்புனீங்க?"