கொடுத்து வைத்தவள்

வேலாயுதம் மடத்துக்கு வந்தபோது ஐயா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக வந்து போகிற சீடர். அன்றைக்குக் கும்பிட்டுவிட்டு உட்காராமல் நின்றார்.

"உட்காரும்வே," என்றார் ஐயா.

"கயிலாயத்துல உயிர் போறது பாக்கியந்தானே ஐயா?"

ஐயா கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. வடிவு கொடுத்து வச்சவன்னு."

ஊர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வேலாயுதமும் மனைவி வடிவும் மகள் காந்திமதியும் நேபாளம் வழியாகத் திபெத்திலிருக்கும் கயிலாயத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தது அப்பாவும் மகளும் மட்டும். வடிவின் உடலை நேபாளத்துக்கு இறக்கி அங்கே எரித்து, அஸ்தியைக் கொண்டுவந்து தாமிரபரணியில் கரைத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அவள் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாவு வீட்டில் வந்து பொறாமைப்படுகிற ஜனங்களை என்னவென்று சொல்ல!

"ஊரு கெடக்கட்டும். உமக்கு என்ன வேணும்?"

"காந்திமதி எங்கிட்டப் பேச மாட்டேங்கா. அங்கருந்து வந்ததுலருந்து ஒரு வார்த்தை கெடையாது. ரெண்டு வாய் திங்கா, எந்திச்சுப் போயிருதா. பெத்தவ போயிருக்கா, ஒரு பொட்டுக் கண்ணீர் விடல. எனக்கு இருக்கது அவ ஒருத்திதான் ஐயா. அவளும் போயிருவாளோன்னு பயமா இருக்கு. நீங்க வந்து, உங்க அம்மா போனது பாக்கியம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

ஐயா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாரும்."

வீட்டில் காந்திமதி உள்ளறையில் இருந்தாள். கல்லூரியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஐயாவைப் பார்த்ததும் எழுந்தாள். அவர் தரையில் உட்கார்ந்ததும் அவளும் உட்கார்ந்தாள். வேலாயுதம் கதவருகே நின்றார்.

"தாயி, எனக்கு அந்த மலையும் தெரியாது, ஏரியும் தெரியாது. அங்க என்ன நடந்துச்சு?"

காந்திமதி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏரிக்கரையில தங்கியிருந்தோம் தாத்தா. அங்க எவ்வளவு மூச்சு இழுத்தாலும் பத்தாது. கட்டில்லருந்து வாசலுக்குப் போறதுக்குள்ள இரைக்கும். எனக்கும் அப்பாவுக்கும் ரெண்டு நாள்ல பழகிருச்சு. அம்மாவுக்குப் பழகல. தலை வெடிக்கி, தலை வெடிக்கின்னு அழுதா. குடிச்ச தண்ணியெல்லாம் வாந்தி. கீழ போயிருவோமான்னு கேட்டா."

"யாருகிட்ட?"

"அப்பாகிட்ட."

"எத்தனை வருஷ நேத்திக்கடன் ஐயா!" என்றார் வேலாயுதம். "கயிலாய வாசல் வரைக்கும் போயிட்டு எப்படித் திரும்ப? அவளுக்கும் பழகிரும்னுதான் நெனச்சேன்."

"நீரு சும்மா இரும்."

காந்திமதி தொடர்ந்தாள். "காலையில எங்க கூட வந்த டாக்டர் ஒவ்வொரு அறையா வருவாரு. விரல்ல ஒரு கருவிய மாட்டிப் பாப்பாரு. ரத்தத்துல பிராணவாயு கம்மியா இருந்தா ஜீப்புல ஏத்திக் கீழ அனுப்பிருவாரு. குளிரு தாங்காம நானும் அம்மாவும் ஒரே கம்பளிக்குள்ள கெடந்தோம். தலையோட மூடியிருந்தோம். அப்பா கட்டிலோரமா நின்னுக்கிட்டிருந்தாங்க. அறையில வெளிச்சம் இல்ல. அம்மாவோட விரலக் கேட்டாரு."

தன் சுட்டுவிரலைப் பார்த்தாள்.

"வெளிய போனது என் விரல்."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. வேலாயுதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்காங்க, போகலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மறுநாள் மலைப்பாதையில குதிரை மேலயே அம்மா சாஞ்சுட்டா. எறக்கிப் போடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுட்டு. நான் கொன்னுட்டேன் தாத்தா."

அப்போதுதான் அழுதாள். வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கக் குலுங்க அழுதாள். கேட்டுத் தாங்க முடியவில்லை.

வேலாயுதம் பதறிப் போனார். "சொல்லுங்க ஐயா! பாக்கியம்னு சொல்லுங்க. புள்ள செத்துப் போயிருவா போலருக்கே!"

ஐயா அவர் பக்கம் திரும்பவில்லை.

"தாயி, டாக்டர் கேட்டதும் நீயாவா விரல நீட்டுன?"

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

வேலாயுதத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயா, நீங்க ஒரு வார்த்தை..." என்றார்.

ஐயா எழுந்து கதவருகே வந்தார். வேலாயுதத்தின் தோளில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டார்.

"பாக்கியத்தப் பத்தி அப்புறம் பேசலாம்வே. புள்ள கையப் புடிச்சு இழுத்து வெளிய நீட்டுனது நான்தான்னு நீரு சொல்லும். அதுக்குத்தான் இம்புட்டு நாளும் காத்துக்கிட்டிருக்கா."