வேர்ப்பலாவையும் கேட்ட குரங்கு

பிள்ளைகளே, நடுவில் ஆறு ஓடுகிற ஒரு காட்டில் நடந்தது இது. ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு கூட்டம், அந்தக் கரையில் ஒரு கூட்டம். மழை நாளில் இரண்டும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. கோடை வந்தால்தான் வம்பு. ஆறு வற்றி, நடுவில் ஒரே ஒரு மடு மிஞ்சும். அதில் யார் முதலில் குடிப்பது?

இதற்காகக் கடித்துக் குதறிச் சாக வேண்டாம் என்று அந்தக் காலத்து விலங்குகள் ஒரு வழி செய்து வைத்திருந்தன. கோடைத் தொடக்கத்தில் காய்ந்த ஆற்று மணலில் ஒரு பந்தாட்டம். ஜெயித்த கரை கோடை முழுக்க முதலில் குடிக்கும். தோற்ற கரை காத்து நின்று, கலங்கிப் போன மிச்சத்தைக் குடிக்கும்.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விளாங்காய்தான் பந்து. ஒருவர் பின்னால் நின்று அதை எறிய வேண்டும். முன்னால் ஓடுகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு போய் எதிர்க்கரை மருதமரத்தைத் தொட வேண்டும். காய் கையை விட்டுப் போகும்வரை, எறிபவரை எதிராளிகள் முட்டித் தள்ளலாம். அப்படித் தள்ளவிடாமல் சிலர் முன்னால் சுவர் போல நின்று தடுப்பார்கள்.

இந்தக் கரையில் எறிவது நெடுங்கையன் என்ற குரங்கு. பிடித்து ஓடுவது முயல். தடுத்து நிற்பவை பன்றிகள். எல்லாவற்றுக்கும் தலைமை கரடி. கரடிக்கு மனசு நல்ல மனசுதான். ஆனால் கையில் இருப்பது போய்விடுமோ என்ற பயம் மட்டும் அதற்கு இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு.

நெடுங்கையனைச் சும்மா சொல்லக் கூடாது. காடே காய்ந்து கருகிப்போன ஒரு வருடம், தோற்றோம் என்று எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்த பிறகு, மணல் திட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே எறி எறிந்து ஜெயித்துக் கொடுத்தது. அந்த எறியால் உயிர் பிழைத்த குட்டிகள் இன்றைக்குப் பெரிய விலங்குகளாகத் திரிகின்றன. அதை நினைத்தால் கரடிக்குக் கண் கலங்கிவிடும்.

ஆனால் அது நடந்து காலம் எவ்வளவோ ஓடிவிட்டது. நெடுங்கையனின் தோள் ரோமம் நரைத்துவிட்டது. கையை உயர்த்தினால் முகம் கோணும். யாராவது பார்த்தால் முதுகைச் சொறிவது போலப் பாசாங்கு செய்யும். எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் பார்க்காதது போல இருந்தார்கள்.

பலா பிஞ்சு விடும் நாளில் இந்தக் கரையில் பங்கு பிரிப்பு நடக்கும். ஆட்டத்தில் நிற்பவர்களுக்கு இன்ன மரம், இன்ன புதர் என்று கரடி எல்லார் முன்னாலும் சொல்லும். சொன்னால் சொன்னதுதான். அடுத்த மழை வரை கரடியே நினைத்தாலும் மாற்ற முடியாது. பங்கு கிடைக்காதவர் விரும்பினால் அக்கரைக்குப் போகலாம், யாரும் தடுக்கக் கூடாது.

கரையில் பெரிய பலாமரம் ஒன்றுதான். வழக்கமாகக் கொம்பில் காய்ப்பதெல்லாம் நெடுங்கையனுக்கு. வேரில் காய்ப்பது பன்றிகளுக்கு. ஒன்றுக்கு ஏறத் தெரியும், மற்றவற்றுக்கு ஏறத் தெரியாது. அதனால் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

அந்த வருடம் பிரிப்பதற்கு முன் கரடி முயலைக் கூப்பிட்டு, நெடுங்கையன் எப்படி எறிகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னது. முயல் கொஞ்சம் தயங்கியது. முன்பெல்லாம் காய் தனக்கு முன்னால் வந்து காத்திருக்கும் என்றும், இப்போது தான்தான் நின்று காயை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னது. ஆனாலும் குறி தவறுவதில்லை, அதைவிட நன்றாக எறிய நம்மிடம் ஆள் இல்லை என்றது.

பிறகு பெரிய பன்றியைக் கேட்டது. அந்தப் பன்றிக்கு மனசில் ஒன்று வாயில் ஒன்று என்பதே கிடையாது.

"முன்பு நாங்கள் ஒரு நொடி தாங்கினால் போதும். இப்போது அது கையைத் தூக்கவே நேரம் ஆகிறது. அதுவரை அக்கரைச் செந்நாய்களை நாங்கள்தான் மறிக்கிறோம். போன வருடம் எங்களில் பாதிப் பேருக்கு விலா எலும்பு போயிற்று. நெடுங்கையனை வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொம்பில் பாதி கொடுத்தால் போதும்."

கரடிக்கும் அது நியாயமாகவே பட்டது. நெடுங்கையனிடம் மெல்ல எடுத்துச் சொன்னது. நெடுங்கையனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. எழுந்து போய்விட்டது. உள்ளூர அதற்கும் தெரியும். தெரிந்ததை அடுத்தவர் வாயால் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்தச் செய்தி அக்கரை நரியின் காதுக்குப் போனது. அக்கரைக்கு அதுதான் மூளை. மறுநாளே ஆற்றைக் கடந்து பலாமரத்தடிக்கு வந்து, கும்பிட்டு நின்றது.

"அண்ணே, உங்கள் கைக்குப் பாதிக் கொம்பா? கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் கரைக்கு வாருங்கள். எங்கள் பலாமரத்தைக் கொம்பிலிருந்து வேர் வரை உங்களுக்கே தந்துவிடுகிறோம்."

நெடுங்கையனுக்குத் தலைகால் புரியவில்லை. நேராகக் கரடியிடம் ஓடியது. அவர்கள் வேரோடு தருகிறார்கள், நீங்களும் வேரோடு தந்தால் இருக்கிறேன், இல்லாவிட்டால் போகிறேன் என்றது.

வேர்ப்பலா எதற்கு என்று பெரிய பன்றி கேட்டது. நீதான் மரத்தை விட்டுக் கீழே இறங்குவதே இல்லையே என்றது.

"தின்பதற்கா கேட்கிறேன்? மரியாதைக்குக் கேட்கிறேன்" என்றது நெடுங்கையன்.

நெடுங்கையன் அக்கரையில் நின்று எறிவது போலவும், தன் கூட்டம் நாக்குத் தள்ளிச் சேற்றுக் கரையில் நிற்பது போலவும் கரடியின் கண் முன்னால் வந்து வந்து போயிற்று. போகட்டும் விடுங்கள், நரி உண்மையில் கொடுக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்று பன்றி சொன்னது. முயலும் ஒருமுறை அக்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டது. கரடி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயந்தவனுக்கு அவசரம் அதிகம் பிள்ளைகளே.

பங்கு பிரிப்பு நாளில் கரடி எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, பலாமரம் கொம்பும் வேரும் நெடுங்கையனுக்கே என்று சொல்லிவிட்டது. பன்றிகளுக்கு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றது.

பன்றிகள் சண்டைக்கு நிற்கவில்லை. சாயங்காலமே குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கின. முயல் பின்னாலேயே ஓடிப்போய்க் கெஞ்சியது.

"நெடுங்கையன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை" என்றது பெரிய பன்றி. "குட்டிகளுக்குப் பசிக்கும், அவ்வளவுதான்."

அக்கரையில் நரி அவற்றை எதிர்கொண்டு வந்து அழைத்தது. அங்கே ஒரு சரிவு முழுக்கக் கிழங்கு, தோண்டத் தெரிந்த ஆள் இல்லாமல் மண்ணுக்குள்ளேயே கிடந்தது. நரி அதைக் காட்டி, இனி இது உங்களுடையது என்றது.

ஆட்ட நாள் வந்தது. கரடி எங்கிருந்தோ நாலு முள்ளம்பன்றிகளைத் தேடிப் பிடித்து நெடுங்கையனுக்கு முன்னால் நிறுத்தியிருந்தது. அவை குத்துமே தவிர மறிக்கத் தெரியாதவை. எதிரே பெரிய பன்றியும் அதன் கூட்டமும் நின்றன. இத்தனை வருடம் நெடுங்கையனின் முன்னால் நின்றவை அவை. எந்தத் தோள் வலிக்கும், எந்தப் பக்கம் சாய்ந்து கையைத் தூக்கும் என்று அதைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரியும்.

முயல் சரியாகத்தான் ஓடியது. காய் வர வேண்டிய இடத்தில்தான் நின்று திரும்பிப் பார்த்தது. நெடுங்கையன் கையைத் தூக்கியது. தூக்கி முடிப்பதற்குள் பெரிய பன்றி வந்து மோதியது. விளாங்காய் மணலில் உருண்டது. நெடுங்கையன் மறுபடியும் எழுந்தது, மறுபடியும் விழுந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு எறிகூட அதன் கையை விட்டுப் போகவில்லை. ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

அந்தக் கோடை கொடுமையான கோடை. பலா நன்றாகக் காய்த்தது. கொம்பில் பழுத்ததை நெடுங்கையன் தின்றது, மீதி காக்கைக்குப் போயிற்று. வேரில் பழுத்தது வெடித்து ஈ மொய்த்தது. கரடி மரத்தடிக்கு வந்து, வேர்ப்பழத்தையாவது விட்டுக்கொடு, பன்றிகளைத் திருப்பிக் கூப்பிடுகிறேன் என்று கேட்டது. நெடுங்கையன் சரி என்றுதான் சொல்லிற்று. ஆனால் சொன்ன பங்கை மழைக்கு முன் மாற்ற வழியில்லை, பன்றிகளுக்கும் இப்போது அக்கரையில் பங்கு இருந்தது. கரடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டது.

பலாப்பழம் தின்றால் தாகம் எடுக்கும். நெடுங்கையன் மடுவுக்குப் போனது. அதன் கூட்டம் முழுக்க வெயிலில் நின்றுகொண்டிருந்தது. முயல் குட்டிகள் நாக்கை நீட்டிப் படுத்துக் கிடந்தன. அக்கரைக் கூட்டம் நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. நரி குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தது.

நெடுங்கையன் அதைப் பார்த்து, "நான் அன்றைக்கே உன்னோடு வந்திருந்தால் சொன்னபடி மரத்தைத் தந்திருப்பாய் அல்லவா?" என்று கேட்டது.

"எங்கள் கரையில் பலாமரமே கிடையாதே, அண்ணே" என்றது நரி. "நான் வந்தது பன்றிகளுக்காக."

அக்கரை விலங்குகள் எல்லாம் ஏறிப் போன பிறகு, நெடுங்கையன் முயல் குட்டிகளை முதலில் குடிக்க விட்டுவிட்டு, கடைசியாகக் குனிந்து சேற்றுத் தண்ணீரைக் குடித்தது.

நீதி: ஒருவரின் பழைய புகழுக்கு விலை கொடுக்கும்போது, அவரைத் தாங்கி நிற்பவர்களின் பங்கை எடுத்துக் கொடுக்காதே.