சிவப்பு நூல் கட்டின கோழி

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. ராஜா இல்ல, ராணி இல்ல, ஒரு அம்மா, அவ்வளவுதான். ராஜா ராணியெல்லாம் கூட்டிட்டு வர அத்தைக்கி இன்னிக்கி சீவன் இல்லடா தங்கம். காலு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நீ தலகாணியில தலைய வையி. ம் கொட்டணும், கேட்டியா? ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும்.

ம்.

ஆங். அந்த அம்மா பேரு ஞானக்கனி. கடல் பக்கத்துல ஒரு ஊரு, ஊரச் சுத்தி உப்பளம். அவ விடியுமுன்ன எந்திரிச்சு கஞ்சியக் காச்சி வச்சிட்டு உப்பளத்துக்குப் போவா. உப்பக் கூடையில அள்ளி, தலையில வச்சு, வரப்பு மேல நடந்து, கொண்டுபோய்ச் சர்ர்ருன்னு குவியல்ல கொட்டுவா. கொட்டிட்டுத் திரும்பி வந்து மறுபடி அள்ளுவா. வெயில் ஏறுனா கண்ணு கூசும், கால்ல இருக்கிற கீறல்ல எல்லாம் சுரீர் சுரீர்னு எரியும். வீட்டுக்கு வந்தா அடுப்பு. அப்புறம் குடும்ப ஜெபம். முழங்கால் போட்டவ அப்பிடியே முன்னால சாஞ்சு தூங்கிருவா. அவ புருசன் துரைப்பழமும் அதே உப்பளந்தான். அவரு சொல்லுத ஆமென்ல பாதி குறட்டையா வரும். நல்ல சனங்கதான், ஆனா ரொம்ப அசந்துபோன சனங்க.

அவங்களுக்கு ஒரே மக, பொன்சீலின்னு பேரு. ஒன் வயசுதான் இருக்கும். ஒன்ன மாதிரியே வாய் மூடாமக் கேள்வி கேப்பா.

அப்போ ஒரு மழைக்காலத்துல பொன்சீலிக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஒடம்பு தகதகன்னு கொதிக்குது, பிள்ளை கண்ணத் தொறக்கல. ஆஸ்பத்திரியில மருந்து குடுத்துட்டு, பாப்போம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வெளிய மழை சோ...ன்னு ஊத்துது. ஞானக்கனி பிள்ளைக்குப் பக்கத்துல முழங்கால் போட்டா. அன்னிக்கி அவளுக்குத் தூக்கம் வரல. அப்போ பஞ்சாரக் கூடைக்குள்ள இருந்து கோழிக்குஞ்சுங்க கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. அவகிட்ட வேற என்னதான் இருக்கு, சொல்லு? "ஏசப்பா, எம் பிள்ளைய எழுப்பிக் குடுத்தீருன்னா, இந்தக் குஞ்சுகள்ல எது நல்ல குஞ்சோ அத ஒமக்குத் தாரேன். அசனத்துக்குக் கோயில்ல கொண்டாந்து வைக்கேன்"னு பொருத்தனை பண்ணினா. பண்ணிட்டு, பஞ்சாரத்தத் தூக்கி, வெள்ளக் குஞ்சு ஒண்ணப் பிடிச்சு, அது கால்ல ஒரு சிவப்பு நூலக் கட்டினா.

அசனம் தெரியும்ல? வருசத்துக்கு ஒருக்க ஊரே கோயில் வாசல்ல ஒரே பந்தியா உக்காந்து சாப்பிடுமே, அதான். பொருத்தனை பண்ணினவங்க அன்னிக்கி கோழி, தேங்காய், ஆட்டுக்குட்டின்னு கொண்டு வருவாங்க. ஆராதனை முடிஞ்சதும் கோயிலப் பாத்துக்கிடுத உபதேசியார் அதையெல்லாம் ஏலம் போடுவாரு.

சரி, பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டியா? பிழைச்சிட்டா. எந்திரிச்சு உக்காந்ததும், "அந்தக் குஞ்சுக்கு மட்டும் எதுக்கும்மா நூலு?"ன்னா. "அது ஏசப்பா கோழி"ன்னா அம்மா. அன்னையிலருந்து பொன்சீலி தன் தட்டுல ஒரு உருண்டைச் சோத்த ஒதுக்கி வைப்பா. கேட்டா, ஏசப்பா கோழிக்கின்னு சொல்லுவா. ஞானக்கனிக்கு அதப் பாக்கப் பாக்கப் பெருமையா இருக்கும்.

அப்புறம் குஞ்சுங்க வளந்துச்சு. பருந்துக்குப் போனது போக நாலு தேறுச்சு. ஒண்ணு வெள்ளச்சி, ஒண்ணு புள்ளிக்காரி, ஒண்ணு செவலச் சேவல். இன்னொண்ணு கீரி கடிச்சுக் கால் வளைஞ்ச நொண்டி. அது டொக்கு டொக்குன்னு ஒரு பக்கமாச் சாஞ்சுதான் நடக்கும்.

ம்.

அப்போ வெள்ளச்சி முட்டை போட ஆரம்பிச்சா. தெனமும் காலையில கொக்கொக்கொக்கேய்னு ஊரக் கூப்பிட்டுச் சொல்லிட்டுத்தான் எறங்குவா. ஆஸ்பத்திரி நர்சம்மா, பிள்ளை எளைச்சுக் கெடக்கா, முட்டை குடுங்கன்னு சொல்லியிருந்தாங்க. ஞானக்கனி யோசிச்சா. யோசிச்சிட்டு, வெள்ளச்சி கால்ல இருந்த நூல அவுத்து, புள்ளிக்காரி கால்ல கட்டினா.

பொன்சீலி பாத்துக்கிட்டே நின்னா. "ஏம்மா நூல மாத்துத?"

"ஒனக்கு முட்டை வேண்டாமாட்டி? இதுவும் நல்ல கோழிதான்."

"ஏசப்பா கோவிப்பாரா?"

"கோவிக்க மாட்டாரு. நம்ம பாடு அவருக்குத் தெரியாதாக்கும்."

சொன்னதுல பொய்யி ஒண்ணும் இல்ல, பாத்துக்கோ.

அப்புறம் ஒரு நாளு துரைப்பழத்தோட அக்காவும் மச்சானும் ஊர்லருந்து வந்தாங்க. நாத்தனா வந்திருக்கா, வெறும் புளிக்கொழம்ப வச்சா நாளைக்கி எத்தனை வீட்டுல பேச்சு வரும்? ஞானக்கனி புள்ளிக்காரி கால்ல இருந்து நூல அவுத்தா, செவலச் சேவல் கால்ல கட்டினா. புள்ளிக்காரி கொதகொதன்னு கொழம்புல கொதிச்சா. பொன்சீலி எலும்பக் கடிச்சுக்கிட்டே, "ஏசப்பா கோவிப்பாராம்மா?"ன்னு கேட்டா. "கோவிக்க மாட்டாரு, தின்னு"ன்னா அம்மா.

அப்புறம் அந்தச் சேவலு. அது மினுமினுன்னு வாலும் கொண்டையுமா வளந்து நின்னுச்சு. உப்பளத்துக்கு ஆளக் கூப்பிடுத கங்காணி ஒரு நாளு அந்தப் பக்கமாப் போனவரு, சேவலப் பாத்து, "நல்லாருக்கே"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நாளைக்கி வேலைக்கிக் கூப்பிட வேண்டிய மனுசன் அப்பிடிச் சொன்னா என்ன அர்த்தம்னு ஞானக்கனிக்குத் தெரியாதா? நூல அவுத்துட்டு சேவல அவரு கையில குடுத்தா. குடுத்துட்டு வந்து, நொண்டியப் பிடிச்சு, அந்த வளைஞ்ச கால்ல நூலக் கட்டினா. அன்னிக்கி அவ ரொம்ப அசந்துபோயிருந்தா. பிள்ளை கேள்வி கேக்கல, அதுவாவே சொல்லிக்கிச்சு. "ஏசப்பா கோவிக்க மாட்டாரு, என்னம்மா?"

அம்மா ம்னா. நீ இப்போ அரைத் தூக்கத்துல சொல்லுதியே, அந்த ம்தான்.

அப்புறம் கேளு. ஞானக்கனி கால்ல ஒரு கீறல் உப்புத்தண்ணி பட்டுப் பட்டுச் சீழ் வச்சிருச்சு. கால் வீங்கி, காய்ச்சல் வந்து, பாயில விழுந்துட்டா. துரைப்பழம் கஞ்சி காச்சுனாரு, அடிப்பிடிச்ச கஞ்சி. ஞானக்கனி கண்ண மூடிக் கெடந்தா. அப்போ பக்கத்துல யாரோ முணுமுணுன்னு பேசுத சத்தம் கேட்டுச்சு.

பொன்சீலிகிட்ட ஒரு சங்கு இருந்துச்சு. புயலுக்கு அப்புறம் அவ அப்பா கடக்கரையில கண்டெடுத்துக் குடுத்தது. காதுல வச்சா ஊஊஊம்னு கேக்கும். அத வச்சுக்கிட்டுத்தான் தூங்குவா, யாரையும் தொட விடமாட்டா. இப்போ அந்தச் சங்கு மேல ஒரு சிவப்பு நூலச் சுத்திக்கிட்டு, முழங்கால் போட்டு, "ஏசப்பா, எங்கம்மாவ எழுப்பிக் குடும். எஞ் சங்க ஒமக்குத் தாரேன்"னு சொல்லிக்கிட்டிருந்தா. ஞானக்கனிக்குக் கண்ணுல தண்ணி பொலபொலன்னு வந்துருச்சு. எம் பிள்ளைக்கு ஜெபம் பண்ண வந்துருச்சு, இனி நான் செத்தாலும் பரவாயில்லன்னு நெனச்சா.

சாகல, பயப்படாத. ஆஸ்பத்திரியில கீறி மருந்து வச்சுக் கட்டுனாங்க, வீக்கம் வடிஞ்சு எந்திரிச்சிட்டா.

ம்.

அசனத்துக்கு முந்துன நாளு. ஞானக்கனி வீட்டக் கூட்டிப் பெருக்குதா. சரக் சரக்குன்னு கூட்டிக்கிட்டே வந்தவ, பிள்ளையோட தகர டப்பா தொறந்து கெடக்கதப் பாத்தா. உள்ள சங்கு இருக்கு, ஆனா சங்குல நூல் இல்ல. பக்கத்துல ஒரு ஓட்டச் சிப்பி, பாதி ஒடைஞ்சது. அதுல கட்டியிருக்கு அந்தச் சிவப்பு நூலு.

"ஏ பொன்சீலி, இது என்னது?"

"நாளைக்கி ஏசப்பாவுக்குக் குடுக்க."

"நீ சங்கத் தாரேன்னுல்லா சொன்ன? என் காதால கேட்டேனே."

"அது ஒனக்குக் காய்ச்சல் அடிச்சப்போம்மா. இப்போதான் ஒனக்கு சொகமாயிருச்சே. இனி மாத்திக்கிடலாம்." அம்மா மொகத்தப் பாத்துட்டு, ஆறுதல் சொல்லுத மாதிரி, "ஏசப்பா கோவிக்க மாட்டாரும்மா"ன்னா.

குறும்பா சொல்லல தங்கம். அரிசி எப்பிடிக் களையணும்னு அம்மாகிட்டப் பாத்துப் படிச்சத திரும்பச் சொல்லுத மாதிரிச் சொன்னா. ஞானக்கனி வெளக்குமாத்தோட அப்பிடியே உக்காந்துட்டா. திட்டணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திட்டுவா? முழங்கால் போடச் சொல்லிக் குடுத்தா, கண்ண மூடச் சொல்லிக் குடுத்தா, கவுனத் தொவைச்சுப் போட்டு ஞாயித்துக்கெழமை தவறாம கோயிலுக்கு அனுப்பி வச்சா. பிள்ளை படிச்சது என்னமோ பஞ்சாரத்துப் பக்கத்துல நின்னுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்போகூட அவ இவ்வளவு பயப்படல.

துரைப்பழம் வேலை முடிஞ்சு வந்ததும் நடந்ததச் சொன்னா. அவரு சுவத்துல சாஞ்சு கண்ண மூடிக்கிட்டே, "நொண்டியவே குடுத்துரு. யாரு பாக்கா"ன்னாரு.

"பொன்சீலி பாக்கா"ன்னா.

அவரு கண்ணத் தொறந்தாரு. அப்புறம், "வெள்ளச்சியக் குடுத்துட்டா பிள்ளைக்கி முட்டைக்கி என்ன செய்வ?"ன்னு கேட்டாரு.

"தெரியல. பருப்பாவது வேகும்."

மறுநாள் கோயில் மணி டாண் டாண்னு அடிக்குது. ஞானக்கனி பஞ்சாரத்துகிட்டப் போய் உக்காந்தா. நொண்டி கால்ல இருந்து நூல அவுத்தா. முடிச்சு இறுகியிருந்துச்சு, பல்லால கடிச்சுத்தான் அவுக்க வேண்டியிருந்துச்சு. அத வெள்ளச்சி கால்ல கட்டினா. பொன்சீலி ஓடி வந்தா. "அது முட்டைக் கோழிம்மா."

"இதுதாண்டி ஏசப்பா கோழி. மொதல்லருந்தே இதுதான்."

"அவரு கோவிச்சுக்கிட்டாராம்மா?"

"இல்ல. ஒரு வார்த்தை கோவிக்கல. ஒன்னையும் குடுத்தாரு, என்னையும் எழுப்பிவிட்டாரு. நான் ஒவ்வொருக்கயும் நூல அவுக்கும்போது பாத்துக்கிட்டுச் சும்மாவே இருந்தாரு. அதாம்மா எனக்குத் தாங்கல." சொல்லும்போதே அழுதுட்டா. பிள்ளை பாக்க அவ அழுதது அன்னிக்குத்தான்.

ரெண்டு பேரும் கோயிலுக்கு நடந்தாங்க. கக்கத்துல வெள்ளச்சி கொர்ர்... கொர்ர்னு மொனங்குச்சு. பின்னால பொன்சீலி கவுனுக்குள்ள எதையோ அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தா. என்னதுன்னு ஞானக்கனி கேக்கல. குடுன்னும் சொல்லல. காணிக்கை வைக்கிற எடத்துல வெள்ளச்சிய வச்சிட்டு ஒதுங்கி நின்னா. பொன்சீலி கவுனுக்குள்ள இருந்து சங்க எடுத்தா. கோணல்மாணலா நூலக் கட்டியிருந்தா. அதக் காதுல வச்சா, ஊஊஊம்னு ஒருக்கக் கேட்டா. அப்புறம் வெள்ளச்சி பக்கத்துல மெதுவா வச்சிட்டு, ஓடி வந்து அம்மா சீலைக்குள்ள மொகத்தப் பொதைச்சுக்கிட்டா.

அந்தச் சங்க மட்டும் உபதேசியார் ஏலம் போடல, கோயில் சன்னல்ல எடுத்து வச்சிட்டாரு. வெள்ளச்சிய அடுத்த தெரு சாலமோன் ஏலத்துல எடுத்து, வளக்கக் கொண்டுபோனாரு.

என்ன, நொண்டி முட்டை போட ஆரம்பிச்சுதான்னு கேக்கியா? போடல. அது கடைசி வரைக்கும் டொக்கு டொக்குன்னு தின்னுட்டுத்தான் திரிஞ்சுது. பொன்சீலி பருப்புச்சோறுதான் தின்னா. ஞானக்கனிக்கு ஒரு பாடும் கொறையல. மறுநாளும் விடியுமுன்ன எந்திரிச்சு, முழுசா ஆறாத காலோட நொண்டிக்கிட்டே அடுப்பப் பத்த வச்சு, கஞ்சியக் கிண்டுனா. கொஞ்ச நேரத்துல அடுத்த தெருவுலருந்து கேட்டுச்சு, கொக்கொக்கொக்கேய்னு. இந்நேரம் எம் பிள்ளைக்கி அவிச்ச முட்டை ஆகியிருக்குமேன்னு நெனச்சா.

அப்போ பாயில கெடந்த பொன்சீலி, கண்ணத் தொறக்காமலே, "எம்மா, ஏசப்பா கோழி முட்டை போட்டிருச்சு"ன்னா. சந்தோசமாச் சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

ஞானக்கனி கஞ்சிய எறக்கி வச்சா. கூடைய எடுத்துக்கிட்டு உப்பளத்துக்கு நடந்தா.

அவ்வளவுதான் தங்கம். கதை வேலைக்கிப் போயிருச்சு, நீ கண்ண மூடு. ம் எங்க? சத்தத்தையே காணோம். தூங்கிட்டியா? அப்பாடா. அத்தையும் இன்னிக்கி முழங்காலும் போடாம ஒண்ணும் போடாம அப்பிடியே சாஞ்சிருதேன், காலு...

என்னட்டி, முழிச்சுக்கிட்டா இருக்க? பாத்துக்கிட்டா இருக்க?

சரி. தள்ளிப் படு. அத்தை முழங்கால் போட எடம் வேணும்.