இடுகாட்டுக் கரையில் முந்நூறு கன்றுகள்

படலைத் திறந்த எஸ்தரின் கை படலிலேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை தண்ணீர் ஊற்றிவிட்டுப் போன முந்நூறு நீர்மருதுக் கன்றுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. கறுப்புப் பைகள் மட்டும் பிளேடால் கீறப்பட்டு, காற்றில் பறக்காதபடி ஒரு கல்லுக்கடியில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மூலையில் இருந்த நொச்சிச் செடிகளை யாரும் தொடவில்லை.

தாமிரபரணிக் கரையில் பழையபடி மரம் நிற்க வேண்டும் என்று, நடத்திக்கொண்டிருந்த தையற்கடையை மூடிவிட்டு அவள் தொடங்கிய நாற்றுப்பண்ணை அது. ஆற்றோரம் நடந்து நடந்து விதை பொறுக்கி, இரண்டு வருடம் பாடுபட்டுத் தேற்றிய முதல் கன்றுகள் அவை. மேலப்பத்து ஊருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். ஆறு அறுத்துக்கொண்டே வந்ததில் அந்த ஊர் வாழைத்தோட்டங்களில் பாதி போய்விட்டது. ஊரின் வார்டு மெம்பர் மாடத்தி, கரையிலிருந்து இருபதடி உள்ளே தள்ளிக் குழிகள் வெட்டி வைத்திருந்தாள். "மூணு மழைக்காலம் தாண்டுனாத்தான் வேரு கரையப் பிடிக்கும். அதுவரைக்கும் இது வெறும் குச்சிதான்" என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். அதனால்தான் அத்தனை தள்ளி வெட்டினார்கள்.

நடவு அன்றைக்கு, திங்கட்கிழமை. தூத்துக்குடியில் தங்கை பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போன எஸ்தர், முதல் பஸ்ஸில் நேராகப் பண்ணைக்கு வந்திருந்தாள்.

மாடத்திக்குப் போன் செய்தாள். "களவு போயிட்டுக்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு, பாதையில் சிந்திக் கிடந்த செம்மண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அது அவள் கையால் சலித்துப் பையில் நிரப்பிய மண். அந்த மண்தடம் ஒன்றரை மைல் தள்ளி, ஆற்றோர இடுகாட்டில் போய் முடிந்தது.

முந்நூறு கன்றுகளும் அங்கே நின்றன. இடிந்த கரையின் விளிம்பை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி கட்டி, தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் குடத்தோடு நின்றார். எஸ்தருக்கு அந்த முகம் தெரிந்தது. கொம்பையா, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். போன வாரம் இரண்டு தடவை பண்ணைக்கு வந்து கன்று கேட்டவர். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவள் திருப்பி அனுப்பியிருந்தாள்.

"நாந்தாம்மா எடுத்தேன். ரெண்டு நாளா நானும் எம் பொண்டாட்டியும் நட்டோம்."

"எதுக்கு அண்ணாச்சி?"

அவர் கையைக் காட்டினார். விளிம்பிலிருந்து ஒரு முழத்தில் புது மண்மேடு ஒன்று. தலைமாட்டுக் கல் இல்லை. எஸ்தர் எட்டிப் பார்த்தாள். கல் கீழே, ஆற்றுத் தண்ணீரில் கிடந்தது. 'செல்வக்கனி, வயது 17' என்ற எழுத்து மேலிருந்தே தெரிந்தது.

"எம்மவ. காய்ச்சல்ல போனா, சித்திரையில. கல்லு புதங்கிழமை விழுந்துச்சு. அடுத்து அவதான்." குடத்தைக் கீழே வைத்தார். "எதுக்குன்னு அன்னைக்கு நீங்க கேக்கல. எனக்கும் சொல்ல நாக்கு எழல."

 நடவுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே அவருக்குப் பதில் சொன்னது எஸ்தரின் நினைவுக்கு வந்தது. முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குள் மாடத்தியும் அந்த மண்தடத்தைப் பிடித்துக்கொண்டு பதினைந்து பேரோடு மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்து இறங்கினாள். "எவம்லே எங்க கன்னுல கைய வச்சது?" என்று கத்தியபடி விளிம்புக்கு வந்தவள், மண்மேட்டையும் கீழே கிடந்த கல்லையும் பார்த்தாள். 

தன் ஆட்களிடம் திரும்பினாள். "யாரும் தொடக் கூடாது. பெத்தவன் நட்டத நான் பிடுங்க மாட்டேன். ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

கொம்பையா அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

அப்போதுதான் யாரும் நினைக்காதது நடந்தது. எஸ்தர் குனிந்தாள். விளிம்பில் நின்ற முதல் கன்றை மண்ணோடு தோண்டி எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"ஏட்டி, ஒனக்கு நெஞ்சு கல்லா?" என்று மாடத்தி பதறினாள்.

"தண்ணி ஊத்துறேன், ராப்பகலாக் காவல் இருக்கேன்! நிக்கும்மா, கண்டிப்பா நிக்கும்!" கொம்பையா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்.

"நிக்காது அண்ணாச்சி" என்றாள். அழுகை முட்டியது. கை நிற்கவில்லை.

கேட்டும் கிடைக்காததை மகளுக்காக எடுத்து வந்து நட்டார் கொம்பையா. ஊருக்கு வர வேண்டியதை அவருக்கே விட்டுக்கொடுத்தாள் மாடத்தி. அவர் கண்ணெதிரே அதைப் பிடுங்கினாள் எஸ்தர். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: எஸ்தர் செய்ததே சரி. வேர் பிடிக்காத கன்று அந்தக் கரையை ஒரு நாள்கூடத் தாங்காது. மாடத்தியின் இரக்கத்தை அப்படியே விட்டிருந்தால், கன்றை நம்பிக் காவல் இருந்த கொம்பையாவின் கண்ணெதிரிலேயே மகள் ஆற்றோடு போயிருப்பாள். எஸ்தரின் தவறு அதற்கு முன்பே நடந்தது. 'எதுக்கு?' என்ற ஒரு வார்த்தையை அவள் அவர் கன்று கேட்டு வந்த அன்றே கேட்டிருக்க வேண்டும். "அவள மேட்டுக்குக் கொண்டு போவோம் அண்ணாச்சி" என்று அவள் சொன்னபோது கொம்பையா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சம்மதமாகத் தலையை அசைத்தார். மாடத்தியின் ஆட்கள் அன்றைக்கே மேட்டில் குழி வெட்டி, செல்வக்கனியை அங்கே மாற்றி அடக்கம் செய்தார்கள். ஐந்தாம் நாள் அடித்த மழையில் அந்தக் கரை பதினைந்தடி அகலத்துக்குப் பிளந்து ஆற்றில் சரிந்தது. கொம்பையா மேட்டில் நின்று அதைப் பார்த்தார்.