சேங்கொட்டைக் கட்டை

ஒரு மலை மேல ஒரு ஊரு. அந்த ஊர்ல சடையன்னு ஒருத்தன், வெள்ளச்சின்னு அவன் பொண்டாட்டி, அவங்களுக்குக் கைப்புள்ள ஒண்ணு. மார்கழி வந்தா அங்க வீட்டுக்கு வீடு கணப்பு மூட்டணும், இல்லேன்னா கைகால் வெறச்சுப் போகும். அதனால கோடையிலயே வெறகப் பொளந்து காய வச்சிரணும்.

வெள்ளச்சி சித்திரையில சொன்னா, "வெறகு வெட்டிப் போடுய்யா." "ஆவட்டும்"னான். ஆடியில சொன்னா, "ஆவட்டும்"னான். ஐப்பசியில சொன்னா, அப்பவும் "ஆவட்டும்"னான். அப்புறம் என்ன, மார்கழி வந்திருச்சு.

அப்பத்தான் ஓடிப்போயி பச்ச மரத்த வெட்டியாந்து போட்டான். பச்ச வெறகு எரியுமா, சொல்லுங்க? புஸ்ஸு புஸ்ஸுன்னு நுரை தள்ளுது, வீடெல்லாம் பொகை, புள்ள இருமி இருமி செவந்து போச்சு. "காஞ்ச வெறகுன்னா வீடும் சூடாகும், கஞ்சியும் கொதிக்கும், ஈரத்துணியும் காயும். இது கண்ணத்தான் எரிக்குது"ன்னு வெள்ளச்சி முந்தானையால கண்ணத் தொடச்சா.

பக்கத்து வீட்டுல செம்பாயின்னு ஒருத்தி, தனி ஆளு, ஒரு கால் ஊனம். அந்தக் காலோட கோடை பூரா காட்டுக்கு நடந்து, வெறகு சொமந்து, சொவரோரமா அடுக்கி வச்சிருந்தா. சடையன் மொத நாள் ஒரு கட்டை எடுத்தான். ரெண்டாம் நாள் ரெண்டு. மூணாம் நாள் மூணு. "ஏதுய்யா?"ன்னா வெள்ளச்சி. "காட்டுல கெடந்துச்சு"ன்னான். புள்ள இருமாம தூங்குச்சு, அவன்தான் கஞ்சிய அப்படியே வச்சிட்டு எழுந்து போனான்.

நாலாம் நாள் விடியறப்ப, மேல எடுத்தா தெரிஞ்சிரும்னு அடி வரிசையில ஒண்ண உருவியாந்து கணப்போரம் போட்டுட்டு, மந்தைவெளியில வெயில் காய உக்காந்தான். ஊரே உக்காந்திருக்கு. செம்பாயி கால இழுத்துக்கிட்டு நேரா அவன்கிட்ட வந்தா.

"சடையா, உனக்குத்தான் நல்ல தொண்டை. வீடு வீடா ஒரு சேதி சொல்லிட்டு வா. யாரோ என் வெறக எடுக்கறாங்க."

அவன் தரையப் பாத்தான்.

"எடுக்கட்டும், இல்லாதவங்களா இருக்கும். ஆனா கரையான் ஏறாம இருக்க அடியில போட்ட சேங்கொட்டைக் கட்டையக் காணோம். அதோட பொகை பட்டா பெரியவங்களுக்கே மொகம் வீங்கும். சின்னப் புள்ளைக்கு மூச்சே நின்னுரும். தூக்கி எறியச் சொல்லு."

உக்காந்தே இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது. எழுந்து ஓடினா ஊருக்கே தெரியும். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

ஓடினான். அங்க வெள்ளச்சி கணப்புல வச்ச கட்டை பத்த ஆரம்பிச்சிருச்சு. "புள்ளையத் தூக்கிட்டு வெளிய போ"ன்னு சொல்லிக்கிட்டே வெறுங்கையால உருவி, வாசல்ல எறிஞ்சு, மண்ண அள்ளிப் போட்டான். பொகை பூரா அவன் மூஞ்சியிலதான்.

புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. அவன் மொகம் பலாப்பழமா வீங்கிருச்சு, கையெல்லாம் கொப்புளம். கேட்டவங்ககிட்டல்லாம் "செம்பாயி அக்கா வெறகத் திருடினேன்"னு அவன் வாயாலயே சொன்னான். செம்பாயிகிட்ட மட்டும் வாய் வரல.

அவளே நல்லெண்ணெய் கொண்டாந்து தடவி விட்டா. "புள்ளைக்குன்னு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனாடா?"ன்னா. அவன் வீங்குன மொகத்தச் சொவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு அழுதான்.

அடுத்த சித்திரையில, வெள்ளச்சி வாயத் தொறக்கும் முன்னாடியே அவன் காட்டுக்குப் போயிட்டான். மொத அடுக்கு செம்பாயி வீட்டுச் சொவரோரம், ரெண்டாவதுதான் அவன் வீட்டுக்கு. அப்பவும் அவள நிமிந்து பாக்கல.

கேட்டு வாங்க வெக்கப்பட்டான், திருடிட்டு அதவிட வெக்கப்பட்டான், அவ்வளவுதான் கதை. அவங்க அங்க குளிர் காயட்டும், நீங்க போர்வைய இழுத்துக்குங்க.