மேட்டுத்தெருக் குழாயின் கருத்து

பனையடியூர் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் காலடியில், இரும்பு மூடிக்குக் கீழே, ஒரு வால்வு. அங்கிருந்து கிளம்பிய குழாய்வழி ஊரைச் சுற்றிப் போய், பதினோரு தெருக்களில் பதினோரு குழாய்களாகத் தலை நீட்டியிருந்தது. முதல் குழாய் கடைத்தெருவில், தொட்டிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கடைசிக் குழாய் மேட்டுத்தெருவில் இருந்தது. பெயருக்கு ஏற்ற மேடுதான்.

மனிதர்கள் கிராம சபை வைத்திருந்ததைப் போலக் குழாய்களும் ஒரு சபை வைத்திருந்தன. வருடத்தில் ஒரு நாள் தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, கழுவிய தேதியை அதன் வயிற்றில் பெயின்டால் எழுதுவார்கள். மறுநாள் காலையில் தண்ணீர் இறங்கும்போது சபை கூடும். தினமும் எத்தனை மணிக்குத் திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். தொட்டி தலைமை வகிக்கும். வால்வு குறிப்பு எழுதும்.

சபைக்கு ஒரு விதி இருந்தது. கருத்து உள்ள குழாய் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தண்ணீர் வந்தால்தான் குழாயால் பேச முடியும் என்பதால், தண்ணீர் விடும் அரை மணி நேரமே சபையின் நேரம். தொடர்ந்து மூன்று வருடம் கருத்து இல்லாத குழாய்க்குச் சபையில் இடமில்லை, அதன் இணைப்பை வெட்டி அடைத்துவிடலாம். இந்த விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் ஒருவர்கூட மேட்டில் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

மேட்டுத்தெருக் குழாயை ஆறு வருடங்களுக்கு முன்னால் மாலை போட்டு, சூடம் காட்டித் திறந்துவைத்தார்கள். முதல் மாதம் மட்டும் வால்வைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததில் விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்தது. பிறகு நூல் போல வந்தது. பிறகு வரவில்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது. தண்ணீர் மேடேறி அங்கே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். அரை மணியில் வால்வு மூடிக்கொள்ளும்.

முதல் சபைக்கு மேட்டுத்தெருக் குழாய் ஆசையாகக் காத்திருந்தது. சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் வைத்திருந்தது: அரை மணியை ஒரு மணி ஆக்குங்கள். தண்ணீர் எட்டாவது தெருவைத் தாண்டும்போது சபை முடிந்துவிட்டது. "மேட்டுத்தெரு, வரவில்லை" என்று வால்வு எழுதிக்கொண்டது.

இரண்டாம் வருடம் அது முன்கூட்டியே வாயைத் திறந்து வைத்துக்கொண்டது. கீழேயிருந்து ஏறிவந்த தண்ணீர் குழாய்வழியில் இருந்த காற்றை மேலே தள்ளியது. அந்தக் காற்றுதான் வெளியே வந்தது. 'புஸ்' என்று சத்தம் கேட்டதும் மற்ற குழாய்கள் சிரித்தன. கடைத்தெருக் குழாய்க்குக் கோபம் வந்துவிட்டது. சபையைக் கேலி செய்கிறது என்றது. வால்வு "காற்று" என்று எழுதியது. மூன்றாம் வருடமும் அதே 'புஸ்', அதே சிரிப்பு.

நான்காம் வருடம் மேட்டுத்தெருக் குழாய் வாயைத் திறக்கவில்லை. "கருத்து இல்லை" என்று எழுதினார்கள். ஐந்தாம் வருடமும் அப்படியே.

கடைத்தெருக் குழாய் இதைப் பற்றி அடிக்கடி வாய் கிழியப் பேசியது. எல்லாருக்கும் ஒரே பித்தளை, ஒரே திருகு, ஒரே தொட்டி. சிலருக்குப் பொறுப்பு இருக்கிறது, சிலருக்கு இல்லை, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று கேட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே அதன் அடியில் தண்ணீர் வழிந்து வாறுகால் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

மேட்டுத்தெருக் குழாய்க்கு எதிர்வீட்டில் பஞ்சவர்ணம் இருந்தாள். முதல் இரண்டு வருடம் காலையில் ஐந்தரைக்கே குடத்தைக் கொண்டுவந்து வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்து நிற்பாள். பிறகு ஒரு மைல் தள்ளியிருந்த தோட்டத்துப் பம்புசெட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் தன் வெள்ளாட்டைக் கொண்டுவந்து குழாயின் கழுத்தில் கட்டினாள். குழாய்க்கு அன்றைக்குத்தான் உண்மையிலேயே வலித்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தது. திட்டுகிறவர்கள் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார்கள்.

தொட்டியைத் திறந்து மூடுகிற ராசையன் கிராம சபை நோட்டீசோடு மேட்டுத்தெருவுக்கும் வருவார். நல்ல மனிதர். பஞ்சவர்ணம் நோட்டீசை வாங்கி நாலாக மடித்து அடுப்படியில் செருகுவாள். போன தடவை கை தூக்கியதில் கை வலித்ததுதான் மிச்சம் என்பாள்.

ஆறாம் வருடம் கோடையில், மேட்டுத்தெருவுக்குத் திரும்புகிற பாலத்தின் மேல் கருங்கல் லாரி ஒன்று ஏறி இறங்கியது. அடியில் சாக்கடையை ஒட்டிப் போன குழாய்வழி வெடித்தது. மற்ற குழாய்களுக்குத் தெரியவில்லை. மேட்டுத்தெருக் குழாய்க்குத் தெரிந்தது. அதன் தொண்டைக்குள் சாக்கடை வாடை ஏற ஆரம்பித்திருந்தது.

நாலு மாதம் கழித்துச் சபை கூடியது. வாஷர் மாற்றுவதற்காக மூன்று குழாய்களை அன்றைக்கு அடைத்து வைத்திருந்தார்கள். அதனால் சபை முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, சபை நாளில் முதல் தடவையாக, மேட்டுத்தெருக் குழாய் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு டம்ளர் இருக்கும். பேசுவதற்கு அது போதும்.

சரியாக அந்த நேரத்தில் தொட்டி வழக்கம்போல் கேட்டது. "குழாய்வழியில யாருக்காவது ஏதாவது குறை இருக்கா?"

மேட்டுத்தெருக் குழாய்க்கு நெஞ்சு வரை வார்த்தை வந்தது. தன் கழுத்தில் கட்டியிருந்த ஆட்டுக் கயிற்றைப் பார்த்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தது. சிரிக்காவிட்டால் எழுதிக்கொள்வார்கள், எழுதியதை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தது. அந்த ஒரு டம்ளர் தண்ணீர் வந்த வழியே திரும்பி இறங்கிப் போயிற்று.

"மேட்டுத்தெரு, கருத்து இல்லை" என்று மூன்றாவது முறையாக எழுதப்பட்டது. விதிப்படி அதன் இணைப்பை வெட்டிவிடுவது என்று பத்துக் குழாய்களும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டன. மனிதர்களின் அலுவலகத்திலும் பயன்படாத இணைப்புகளின் பட்டியல் ஒன்று தயாராகி, அது ராசையன் கைக்கு வந்தது.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பாலத்தடியில் சாக்கடை நிரம்பி நின்றது. தினமும் வால்வை மூடியதும், குழாய்வழியில் மிச்சமிருக்கும் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். இறங்கும்போது பின்னால் இருப்பதையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு வரும். வெடிப்பு வழியாக அது சாக்கடையை இழுத்துக்கொண்டு வந்தது. ஊரிலேயே பள்ளத்தில் இருந்தது கடைத்தெரு.

கடைத்தெருக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக விழுந்தது. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஏழு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடைத்தெருக் குழாய் வாழ்நாளில் முதல் தடவையாகப் பேச்சை நிறுத்தியது. தன்னிடம் வந்து குடித்துப் போன பிள்ளைகளின் முகம் அதற்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

மேட்டுத்தெருவில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தால்தானே.

ராசையன் பட்டியல்படி இணைப்பை வெட்டுவதற்காகப் பாலத்தடியில் தோண்டினார். மூன்றாவது வெட்டிலேயே வெடிப்பு கண்ணில் பட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பஞ்சவர்ணம் தலையில் குடத்தோடு பம்புசெட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"எம்மா, இந்த வாடை எப்ப இருந்து அடிக்குது?" என்று கேட்டார்.

"நாலு மாசத்துக்கு மேல இருக்கும், அண்ணாச்சி."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பஞ்சவர்ணம் குடத்தை இறக்கி வைத்தாள். "தண்ணி வரலைன்னு ஆறு வருசமாச் சொன்னோம். சாக்கடை வருதுன்னு சொன்னா மட்டும் வந்திருப்பீகளா?"

வந்திருப்பேன் என்று சொல்ல ராசையன் வாயெடுத்தார். யோசித்துப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"பிள்ளைகளுக்கு முடியலைன்னு கேள்விப்பட்டதில இருந்து எனக்குச் சோறு இறங்கல" என்றாள் அவள். "சொல்லியிருக்கணும். ஆனா யார்கிட்டன்னு தெரியல."

அன்றைக்குக் குழாய்கள் அவசர சபை கூட்டின. கடைத்தெருக் குழாய் தொண்டை கரகரக்க ஒரு வழி சொன்னது. பாலத்தோடு வெட்டி அடைத்துவிட்டால் வெடிப்பும் போகும், மேட்டுத்தெருவும் போகும், தீர்மானமும் ஏற்கெனவே இருக்கிறது. பல குழாய்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

தொட்டி குறிப்புப் புத்தகத்தை வாங்கி, ஆறு வருடத்தையும் புரட்டியது. வரவில்லை. காற்று. காற்று. கருத்து இல்லை. கருத்து இல்லை. கருத்து இல்லை.

"இந்த வெடிப்பை அடைச்சுரலாம்" என்றது தொட்டி. "அடுத்த வெடிப்பு எங்க இருக்குன்னு நமக்கு யார் சொல்லுவா?"

தொட்டி மேலே எதுவும் விளக்கவில்லை. வெடிப்பைச் சரிசெய்த பிறகு, தினமும் ஒன்றரை மணி நேரம் திறப்பது, அதில் முதல் ஒரு மணி நேரம் பத்துக் குழாய்களும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. மற்றவர்கள் வாயை மூடினால்தான் தண்ணீர் மேடேறும். கடைத்தெருக் குழாய்க்கு அது சுலபமான வேலை இல்லை. ஆனாலும் மூடிக்கொண்டது. ஏழு பிள்ளைகளின் முகம் அதற்கு இன்னும் மறக்கவில்லை.

முதல் நாள் மேட்டுத்தெருக் குழாயில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. குடத்தோடு ஒரு ஆள்கூட வரவில்லை. வெள்ளாடு மட்டும் மிரண்டு கயிற்றை இழுத்தது. தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது. ராசையன் குழாயை மூடிவிட்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சரி என்றார்கள். இரண்டாம் நாளும் யாரும் வரவில்லை. கொடுத்தாலும் பிடிக்கத் தெரியாத தெரு என்று மூன்றாவது குழாய் முணுமுணுத்தது. கடைத்தெருக் குழாய்தான் அதை அதட்டியது.

ஐந்தாம் நாள் பஞ்சவர்ணம் ஒரு சொம்பைக் கொண்டுவந்து பிடித்து, முகர்ந்து பார்த்து, செடிக்கு ஊற்றினாள். எட்டாம் நாள் துணி அலசினாள். பம்புசெட்டுக்கு நடப்பதை மட்டும் விடவில்லை.

பதினோராம் நாள் காலையில் அவள் குழாயின் கழுத்திலிருந்து ஆட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். ஆட்டை வேலிக் கல்லில் கட்டிவிட்டு, குடத்தைப் புளி போட்டு விளக்கி, குழாயடியில் வைத்தாள். தண்ணீர் விழுந்தது. குடம் நிறைந்த சத்தம் பத்துத் தெருக்களுக்கும் கேட்டது.

வால்வு அவசரமாகப் புத்தகத்தைத் திறந்தது. மேட்டுத்தெருக் குழாய்க்கு முதல் தடவையாக நிறையத் தண்ணீரும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. நன்றி சொல்லும் என்று சில குழாய்கள் எதிர்பார்த்தன. வாங்கு வாங்கென்று வாங்கப் போகிறது என்று கடைத்தெருக் குழாய் பயந்தது.

மேலே பஞ்சவர்ணம் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ராசையனைப் பார்த்து ஏதோ கேட்டாள். அதே நேரத்தில் குழாயும் தொட்டியிடம் கேட்டது. இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"நாளைக்கும் வருமா?"

வால்வு புத்தகத்தை மேலும் கீழும் பார்த்தது. வந்தது, வரவில்லை, காற்று, கருத்து இல்லை என்று நாலு கட்டங்கள்தான் அதில் இருந்தன. இதை எங்கே எழுதட்டும் என்று தொட்டியிடம் கேட்டது.

"எழுத வேண்டாம்" என்றது தொட்டி. "நாளைக்குத் திற."